செம்முகப் பூங்குயிலும் வடக்கின் வெள்ளை இடமும்

செம்முகப் பூங்குயிலைப் பார்க்க விரும்பும் யாழ்ப்பாணத்தார் ஒருவர் ஏறத்தாழத் தீவின் முழு நீளத்தையும் கடக்கவேண்டும். ஏ9 வீதியால் ஆனையிறவு தாண்டி, வன்னிக் காடு தாண்டி, வறண்ட வலயம் முடிந்து தென்னந்தோட்டங்கள் தொடங்கும் இடமும் தாண்டி, இரத்தினபுரிப் பக்கம் இறங்கி, அங்கிருந்து சிங்கராஜவனத்தின் குடாவ வாசலுக்கு வளைந்து வளைந்து ஏறவேண்டும். அவ்வளவு தூரம் போன பிறகும் பறவை கண்ணில் படுமென்று எவரும் உறுதி தரமாட்டார்கள். மழைக்காட்டின் உச்சிக் கிளைகளில், இலைக்கு இலை மறைந்து, பெரும்பாலும் சத்தமே போடாமல் நகர்கிற பறவை அது.

அந்தப் பறவை எங்கெங்கே வாழக்கூடும் என்று ஒரு வரைபடம் போடும் வேலையில் நான் சேர்ந்தது ஒரு மாணவியால். நான் உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பிக்கிறேன். என்னிடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போன பிள்ளை ஒருத்தி தன் இறுதியாண்டு ஆய்வுக்கு இதைத் தெரிவுசெய்திருந்தாள். மடிகணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அவள் கேட்ட முதற் கேள்வி: “ரீச்சர், இங்க இல்லாத பறவைக்கு இங்க இருந்துகொண்டு படம் போடலாமோ?”

போடலாம் பிள்ளை என்றேன். போட்டு முடித்தபோது, அந்தப் படத்தில் என் மனதைப் பிடித்துக்கொண்ட இடம் சிங்கராஜவனம் இல்லை, வடக்கு. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆனால் பறவையைச் சொல்லாமல் வரைபடத்துக்குப் போனால் ஏன் இவ்வளவு பாடு என்று விளங்காது.

நீளம் 46 சென்ரிமீற்றர் அளவில். அதில் பெரும் பங்கு வால். வால் இறகுகளின் நுனி வெள்ளை, முதுகு கரும்பச்சை, வயிறு வெள்ளை, சொண்டு இளம்பச்சை. கண்ணைச் சுற்றி முகம் முழுக்கக் குங்குமத்தை அள்ளி அப்பியதுபோலச் செந்நிறம். ஆணையும் பெண்ணையும் பிரித்தறியக் கண்ணைத்தான் பார்க்கவேண்டும்: ஆணுக்குக் கபில விழி, பெண்ணுக்கு வெள்ளை விழி. குயில் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் காகக் கூட்டில் முட்டையிடும் வழக்கம் இதற்குக் கிடையாது. தானே கூடு கட்டித் தன் குஞ்சைத் தானே வளர்க்கும். பழங்கள்தான் முக்கிய உணவு, இடையிடையே பூச்சிகளும். தனியாகத் திரிவதைவிடப் பல இனப் பறவைகள் ஒன்றாய் இரைதேடும் கலப்புக் கூட்டங்களோடு சேர்ந்து போவதே வழக்கம். சிங்கராஜவனத்தின் அந்தக் கலப்புக் கூட்டங்களைச் சரத் கொட்டகம முதலான ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்திலிருந்து பதிவுசெய்து வந்திருக்கிறார்கள். கூட்டம் வருகிற ஓசை கேட்டால் அண்ணாந்து பார். கடைசியில், உயரத்தில், பூங்குயில் வரலாம் என்பது அங்குள்ள வழிகாட்டிகள் சொல்லும் பாடம்.

இன்று இந்தத் தீவில் மட்டுமே வாழும் பறவை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் ‘அழிவாய்ப்பு இனம்’ என்ற வரிசையில் இருக்கிறது. காரணம் ஒன்றே: தாழ்நில மழைக்காடு போய்விட்டது. ஈரவலயத்தில் தேயிலையும் இறப்பரும் ஊர்களும் போக மிஞ்சியிருப்பவை துண்டு துண்டான காடுகள். சிங்கராஜவனமே 1970களில் இயந்திரம் வைத்து மரம் வெட்டப்பட்ட காடு. எதிர்ப்புக் கிளம்பி 1977இல் அந்த வேலை நின்றது. 1988இல் அது உலக மரபுரிமை இடமானது. நின்றிருக்காவிட்டால் இந்தப் பறவைக்கு வரைபடம் போட வேண்டிய தேவையே வந்திருக்காது.

இனி வரைபடம்.

யாழ்ப்பாணத்தில் புதுக் காணி வாங்கிக் கிணறு வெட்டப் போகிறவர் என்ன செய்வார்? அயலில் உள்ள கிணறுகளைப் பார்ப்பார். எத்தனை முழத்தில் தண்ணீர், நன்னீரா உவரா, நிலம் செம்மண்ணா மணலா, கல் எந்த ஆழத்தில் தட்டுப்படுகிறது என்று விசாரிப்பார். நல்ல தண்ணீர் உள்ள கிணறுகளைச் சுற்றி எவையெல்லாம் பொதுவாக இருக்கின்றன என்று மனதில் பிடித்துக்கொண்டு, தன் காணியில் அவை கூடிவரும் மூலையில் குறி வைப்பார். பரம்பல் மாதிரி என்று நாங்கள் சொல்லும் கணிப்பும் இதையே செய்கிறது. பறவை காணப்பட்ட புள்ளிகளை எடுக்கிறது. அந்தப் புள்ளிகளில் மழை எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, உயரம் என்ன, மரப்போர்வை எப்படி என்று பார்க்கிறது. அதே நிலைமைகள் வேறெங்கே கூடியிருக்கின்றனவோ அங்கெல்லாம் நிறம் தீட்டுகிறது. இந்தச் சிந்தனை பழையது. அமெரிக்க விலங்கியலாளர் யோசப் கிரின்னல் 1917இல் கலிபோர்னியாவின் ஒரு புதர்ப் பறவையை வைத்து, ஓர் உயிரினத்தின் இருப்பிடத்தை அதற்கு வேண்டிய நிலைமைகளால் விளக்கலாம் என்று எழுதினார். கணினியில் அதைப் பலரும் எளிதில் செய்யும்படி ஆக்கியது 2006இல் பிலிப்ஸ், அண்டர்சன், ஷாபியர் ஆகிய மூவரும் விளக்கி எழுதிய மேக்ஸ்என்ட் என்ற மென்பொருள். காலநிலைக்கு வேர்ல்ட்கிளிம் என்ற இலவசத் தரவுத்தொகுதி இருக்கிறது. ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் சதுரங்களாக உலகம் முழுவதற்கும் மழையையும் வெப்பத்தையும் 19 விதமாகக் கணித்து வைத்திருக்கிறார்கள்: வருட மழை, மிக வறண்ட காலாண்டின் மழை, மிகக் குளிர்ந்த மாதத்தின் வெப்பம் என்று.

மேக்ஸ்என்டுக்கு ‘இங்கே பறவை இல்லை’ என்ற தரவு வேண்டியதில்லை. ‘இங்கே இருந்தது’ என்ற புள்ளிகளும், ஒப்பிட்டுப் பார்க்கப் பின்னணியாக நிலப்பரப்பில் எழுந்தமானமாக எடுத்த புள்ளிகளும் போதும். அதனால்தான் அது இவ்வளவு பரவியது. அதில் உள்ள ஆபத்தும் அந்த எளிமையிலேதான் இருக்கிறது, ஏனென்றால் பின்னணியாக எதை வைக்கிறோம் என்பது விடையையே மாற்றிவிடும்.

இங்கேதான் யாழ்ப்பாணம் உள்ளே வருகிறது. எங்களுக்கு வருடத்துக்கு 1,250 மில்லிமீற்றர் அளவில் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டி முடிந்துவிடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் புல்லும் பொடியாகும். சிங்கராஜவனத்தில் 3,500 மில்லிமீற்றருக்கும் மேல், அதுவும் வருடம் முழுக்கப் பரவலாக. இந்த இரண்டையும் ஒரே பின்னணிக்குள் போட்டால் மாதிரிக்குக் கடினமான வேலை ஒன்றும் இல்லை. ஈரத்தையும் வறட்சியையும் பிரித்துவிட்டால் போதும், முழு மதிப்பெண் கிடைத்த மாதிரித்தான். மாதிரி எவ்வளவு நல்லது என்று சொல்ல ஏயூசி என்றொரு அளவு இருக்கிறது. 0.5 என்றால் குருட்டுப்போக்கு, 1 என்றால் பிசகே இல்லை. தீவு முழுவதையும் பின்னணியாக வைத்து ஓட்டியபோது மதிப்பெண் ஒன்றை நெருங்கிப் போய் நின்றது. பிள்ளைக்கு முகமெல்லாம் மலர்ச்சி. ஈரவலயத்தையும் அதை ஒட்டிய இடைவலயத்தையும் மட்டும் பின்னணியாக வைத்து மறுபடி ஓட்டச் சொன்னேன். மதிப்பெண் கீழே இறங்கியது. ஆனால் அந்த இரண்டாவது வரைபடம்தான் பறவையைப் பற்றி எதையாவது சொல்லியது. இறப்பர்த் தோட்டத்துக்கும் காட்டுக்கும் உள்ள வேறுபாட்டை, தாழ்நிலத்துக்கும் மலைக்கும் உள்ள வேறுபாட்டை அது தேட வேண்டியிருந்தது. முதலாவது வரைபடம் சொன்னது, யாழ்ப்பாணத்தில் மழைக்காடு இல்லை என்பதை மட்டுமே. அதை அறியக் கணினி வேண்டியதில்லை.

இது சின்ன நுட்பக் குறிப்பு என்று நினைக்கவேண்டாம். தீவின் ஈரவலய உயிரினங்களுக்குப் போடப்படும் வரைபடங்களில் பின்னணியை எங்கே வெட்டினார்கள் என்பதை நான் இப்போது முதலில் தேடுகிறேன். பறவை ஒருநாளும் எட்டிப் பார்க்க வாய்ப்பில்லாத நிலத்தைச் சேர்த்துக்கொண்டு பெற்ற உயர் மதிப்பெண்ணை வைத்து, ‘எங்கள் மாதிரி மிகத் துல்லியம்’ என்று எழுதுவது காட்டைக் காக்கப் போராடுகிறவர்களின் கையில் உடைந்த கத்தியைக் கொடுப்பதாகும்.

அடுத்தது பறவைப் புள்ளிகள். ஈபேர்ட், ஜிபிஃப் போன்ற திறந்த தரவுத்தளங்களிலிருந்து பதிவுகளை இறக்கி வரைபடத்தில் விரித்தால், பூங்குயில் குடாவ வாசலிலேயே குடியிருப்பதாகத் தோன்றும். அங்கிருந்து காட்டுக்குள் போகும், முன்னர் மரம் ஏற்றுவதற்கு வெட்டிய பழைய பாதையின் ஓரமாகவே புள்ளிகள் குவிந்துகிடக்கும். பறவைக்கு அந்தப் பாதையில் தனிப் பிரியம் ஒன்றும் இல்லை. பார்க்க வருகிறவர்கள் அந்தப் பாதையால்தான் நடக்கிறார்கள். விடுதி அங்கே, வழிகாட்டி அங்கே, வாகனம் நிற்கும் இடம் அங்கே. இதற்கு வழி இருக்கிறது. ஒரு சதுரத்துக்கு ஒரு புள்ளி மட்டும் மிஞ்சும்படி ஐதாக்கலாம். அதைவிட நல்ல வழி ஒன்றைப் பிலிப்ஸும் கூட்டாளிகளும் 2009இல் முன்வைத்தார்கள்: பின்னணிப் புள்ளிகளையும் எழுந்தமானமாக எடுக்காமல், மற்றப் பறவைகள் பதிவான இடங்களிலிருந்து எடு. அப்போது இரு பக்கத்திலும் ஒரே சாய்வு. ஒன்றை மற்றது கழித்துவிடும். ஆட்கள் போன இடங்களுக்குள்ளே பூங்குயில் எதைத் தேர்ந்தது என்ற கேள்விக்கு விடை வரும்.

அதைச் செய்வதற்கு முதலில் ஆட்கள் எங்கே போனார்கள் என்ற வரைபடம் வேண்டும். எல்லா இனப் பறவைகளின் பதிவுகளையும் ஒன்றாய்க் கொட்டித் தீவு முழுவதற்கும் போட்டோம். திரையில் அது எழுந்தபோது இருவருமே பேசவில்லை. தெற்கிலும் மலைநாட்டிலும் யால, புந்தல பக்கமும் புள்ளிகள் இருண்டு கிடந்தன. வடக்கே வர வர ஐதாகி, மன்னார்க் கரையிலும் யாழ்ப்பாணக் கடலேரிகளின் ஓரத்திலும் தொண்டைமானாறு, சுண்டிக்குளம் பக்கத்திலும் கொத்துக் கொத்தாக இருந்தது. இவற்றுக்கு நடுவே, வன்னியின் உட்காடு கிடக்கும் இடத்தில், பெரிய வெள்ளைப் பரப்பு.

அந்த வெள்ளையை எப்படி வாசிப்பது? தீவின் மிகப் பெரிய தொடர்காடுகளில் சில அங்கேதான் இருக்கின்றன. பாலை, வீரை, முதிரை, கருங்காலி நிற்கும் காடு. வைகாசி, ஆனியில் பாலைப்பழம் கனிந்து ஏ9 ஓரத்தில் பேணிக் கணக்கில் விற்பார்களே, அந்தக் காடு. பறவை இல்லாத இடமாக அது இருக்க முடியாது. பார்த்து எழுதியவர் இல்லாத இடம். 1983இலிருந்து 2009 வரை, இடையில் 2002க்கும் 2006க்கும் நடுவே ஏ9 திறந்திருந்த சிறு காலம் தவிர, தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்தக் காட்டுக்குள் எவர் போக முடியும்? தொலைநோக்கி வைத்திருப்பதே விசாரணைக்குரிய விடயமாக இருந்த காலம். அதன் பிறகு கண்ணிவெடி. அதன் பிறகும், தெற்கிலிருந்து வடக்கே வரும் பறவை ஆர்வலர்கள் பூநாரைக்கும் நண்டுண்ணிக்கும் வருகிறார்கள். ஊர்காவற்துறைப் பாலத்தடியிலும் மன்னார் வீதியோரத்திலும் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, நீர்ப்பறவைகளுக்கு எங்கள் கடலேரிகள் அப்படிப்பட்ட இடம். ஆனால் வடக்கைப் பற்றிய பறவைத் தரவு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் கடலேரித் தரவுதான். காடு அதில் இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததும் இல்லை. தீவின் பறவையியலில் வடக்கு முன்வரிசையில் நின்ற காலம் ஒன்று உண்டு. எட்கர் லேயாட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1850களில் பருத்தித்துறையில் இருந்தபோது முத்து என்ற அவருடைய பணியாளர் ஒரு சிறு ஈபிடிப்பானைக் கொண்டுவந்து கொடுத்தார். அறிவியலுக்கு அது புதிய இனம். 1854இல் லேயாட் அதற்கு முத்துவின் பெயரையே வைத்தார். பழுப்பு மார்பு ஈபிடிப்பானின் அறிவியற் பெயர் இன்றைக்கும் மஸ்கிகாப்பா முத்துய். லேயாட்டின் சேகரத்தில் இருந்த நல்ல பறவைகள் பலவற்றைத் தேடிக் கண்டவர் முத்து. உலகம் முழுக்கப் பறவைப் பட்டியல்களில் ஒரு தமிழ்ப் பெயர் பருத்தித்துறையிலிருந்து போய் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடங்களில் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த ஈபிடிப்பான் வரைபடம் போடுகிறவர்களுக்கும் ஒன்று கற்றுத் தருகிறது. அது வடகிழக்கு இந்தியாவிலும் அதற்குக் கிழக்கேயும் இனம்பெருக்கி, குளிர்காலத்தைத் தென்மேற்கு இந்தியாவின் காடுகளிலும் இலங்கையிலும் கழிக்கும் வலசைப் பறவை. அடர்ந்த நிழலை விரும்புவது. தீவின் வடமுனையான பருத்தித்துறையில் அது கிடைத்ததால், பருத்தித்துறை அதன் வாழிடம் என்று மாதிரிக்குச் சொல்லிவிடலாமா? வழியில் இறங்கி இளைப்பாறிய பறவையின் புள்ளியும், அங்கேயே கூடு கட்டி வாழும் பறவையின் புள்ளியும் கணினிக்கு ஒன்றுதான். ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து, எந்த மாதம், எவர், எந்த நோக்கில் பதிந்தார் என்று பார்ப்பது மாதிரியை ஓட்டுவதைவிடப் பெரிய வேலை. அதற்குக் குறுக்குவழி இல்லை. அந்தப் பிள்ளை அதைச் சலிக்காமல் செய்தாள்.

காட்டுத் தரவுக்கு வருகிறேன். செய்மதிப் படத்திலிருந்து மரப்போர்வையைக் கணிக்கும் உலகளாவிய வரைபடங்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன, 30 மீற்றர் நுணுக்கத்தில். நல்ல விடயம். ஆனால் அதற்கு மரம் என்றால் மரம். மணற்காட்டில் மணல்மேட்டைத் தடுக்க நட்ட சவுக்கையும், பனங்கூடலையும், கோயில் வீதியின் மருதையும் இலுப்பையையும் அது ஒரே பச்சையாகக் காட்டும். எங்கள் ஊரில் இதனால் பெரிய பிழை வராது. களுத்துறையிலும் இரத்தினபுரியிலும் வரும். அங்கே இறப்பர்த் தோட்டமும் வீட்டுத் தோட்டமும் மழைக்காடும் மேலிருந்து பார்த்தால் ஒன்றோடொன்று கலந்த பச்சை. பூங்குயிலுக்கு வேண்டியது கிளையோடு கிளை கோத்த, பல அடுக்குள்ள, பழமரங்கள் நிறைந்த உயர்ந்த காடு. ஒரே வயதில் வரிசையாக நிற்கும் இறப்பர் அதற்கு உதவாது. வெறும் மரப்போர்வையை நம்பிப் போட்ட வரைபடம், இல்லாத காட்டை இருப்பதாகக் காட்டிப் பறவைக்கு நிறைய இடம் இருக்கிறது என்று ஆறுதல் சொல்லும். காலநிலை மட்டும் வைத்துப் போட்ட வரைபடம் இன்னும் மோசம். காடு வெட்டி நூறு வருடமான ஊர்களையும் கடுஞ்சிவப்பில் தீட்டிவிடும். ஒரு வகையில் அதற்கும் பயன் உண்டு: எவ்வளவு இழந்தோம் என்று அது காட்டுகிறது. அந்த இழப்பின் வரைபடத்தை இருப்பின் வரைபடம் என்று தலைப்பிட்டு வெளியிடும்போதுதான் தீங்கு.

இதே செய்மதிப் பச்சை வன்னியில் வேறொரு கதை. இடப்பெயர்வால் ஊர் விட்டுப் போனவர்களின் வயல்களும் தோட்டங்களும் இருபது முப்பது வருடத்தில் பற்றைக் காடாகி, பிறகு காடாகவே எழுந்துவிட்டன. திரும்பி வந்தவர்கள் தங்கள் கிணற்றையும் வீட்டு அத்திவாரத்தையும் மரங்களுக்கு நடுவே தேடிக் கண்டார்கள். வரைபடத்தில் அது காடு, ஆகவே வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் நட்டாயிற்று. முல்லைத்தீவுப் பக்கம் இதை அனுபவித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆகவே, வன்னிக்கு ஒரு பறவை வரைபடம் என்று நான் சொல்லும்போது, அந்த மக்களின் காதில் அது எப்படி விழும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இன்னொரு நிறம், இன்னொரு தடை. அந்தப் பயம் நியாயமானது. பறவைக்கு வேண்டிய முதிர்ந்த காட்டையும், மனிதர் விட்டுப்போன வயலில் முளைத்த காட்டையும் பிரித்தறியச் செய்மதியால் இயலாது. அங்கே வாழ்ந்தவரால் இயலும். தேன் எடுக்கவும் பாலைப்பழம் பறிக்கவும் காட்டுக்குள் போகிறவர் ஒருவர், தலையில் கொம்பு வைத்த மாதிரிப் பெரிய சொண்டுள்ள கறுப்பு வெள்ளைப் பறவை எந்த மரப்பொந்தில் அடைகிறது, பெண்ணை உள்ளே விட்டு வாசலை எப்படிப் பூசி அடைக்கிறது என்று எனக்கு விவரித்தார். இருவாய்ச்சியைப் பற்றி நான் புத்தகத்தில் படித்தது அத்தனையும் அவருடைய வாயிலிருந்து வந்தது. “உங்கட பெட்டிக்குள்ள இதெல்லாம் தெரியாதோ ரீச்சர்?” என்று கேட்டார். தெரியாது ஐயா, நீங்கள் சொன்னால்தான் தெரியும் என்றேன்.

இன்னொரு குருட்டுப் புள்ளி ஆறு. பூங்குயில் ஈரவலயத்துப் பறவை என்றே இன்று அறியப்பட்டாலும், வறண்ட வலயத்தின் உயர்ந்த காடுகளிலும் ஆற்றங்கரைக் காடுகளிலும் அதைக் கண்ட பதிவுகள் உண்டு. இது எனக்கு வியப்பாக இல்லை. வறண்ட வலயத்தில் ஆறு ஓடும் வரியில் மட்டும் காடு வேறு மாதிரி. மருது வேரைத் தண்ணீருக்குள் விட்டு நிற்கும், மரங்கள் உயரும், கோடையிலும் இலை உதிராது, பழம் குறையாது. ஒரு கிலோமீற்றர் சதுரத்துக்கு ஒரு மழை எண் வைத்திருக்கும் தரவில் இந்தப் பச்சை நாடா தெரியவே தெரியாது. மாதிரி ‘மழை போதாது’ என்று சொல்லி அந்த இடத்தை வெள்ளையாக விட்டுவிடும். ஆற்றிலிருந்து உள்ள தூரத்தையும் மரத்தின் உயரத்தையும் தனி மாறிகளாகச் சேர்த்தபோது எங்கள் வரைபடத்தில் தென்கிழக்கு ஆற்றங்கரைகளில் மெல்லிய கோடுகள் தோன்றின. பறவை அங்கே இன்றும் இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. அங்கே போய்ப் பார்க்கவேண்டும் என்று பொருள். வன்னியிலும் கனகராயன் ஆறு, பறங்கி ஆறு, பாலி ஆறு, அருவி ஆறு எல்லாவற்றுக்கும் அப்படிக் கரைக்காடு உண்டு. அங்கே பூங்குயிலைத் தேடச் சொல்லவில்லை. அங்கே எந்தெந்த வனப்பறவை இருக்கிறது என்று ஒழுங்காகப் பதிவே இல்லாமல் இருக்கும்போது, எந்த மாதிரிக்கும் அந்தக் காட்டைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை இல்லை என்கிறேன்.

கடைசியாக ஒரு வெட்டு இருக்கிறது, அதில்தான் நான் பிள்ளையோடு அதிக நேரம் வாதாடினேன். மாதிரி தருவது பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையிலான எண். அறிக்கை கேட்பவர்களுக்கு ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டு நிறம் வேண்டும். எங்கே வெட்டுவது? வெட்டும் எண்ணைச் சற்று உயர்த்தினால் வாழிடம் பாதியாகும், தாழ்த்தினால் இரட்டிக்கும். இந்த இரண்டு பிழைகளும் சமமானவை இல்லை. பறவை இல்லாத காட்டை ‘உண்டு’ என்று தீட்டினால் சில ஆட்கள் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வருவார்கள். பறவை உள்ள காட்டை ‘இல்லை’ என்று விட்டால், அந்த வழியால் வீதி போடவோ அணை கட்டவோ அனுமதி கேட்கிறவர் அதே வரைபடத்தைத் தன் கோப்பில் இணைத்துவிடலாம். அப்புறம் திருத்த முடியாது. அதனால் இரண்டு நிற வரைபடத்தை ஆய்வறிக்கையில் சேர்க்கவேண்டாம் என்றேன். வாசிக்கிறவர்களுக்குக் கடினமாயிருக்குமே ரீச்சர் என்றாள். இருக்கட்டும் என்றேன். கடைசியில் அவள் சேர்த்தது இரண்டு படங்கள், பக்கம் பக்கமாக: இடப்பக்கம் பூங்குயில் வாழக்கூடிய இடங்கள், வலப்பக்கம் ஆட்கள் உண்மையில் போய்ப் பார்த்த இடங்கள். இடப்பக்கத்தில் வெளிறியும் வலப்பக்கத்தில் வெறுமையாயும் உள்ள இடத்தைப் பற்றி இந்த ஆய்வு ஒன்றும் சொல்லவில்லை என்று கீழே ஒரு வரி. அந்த யோசனை முழுக்க அவளுடையது. இந்தத் தீவில் வெளிவரும் ஒவ்வொரு பரம்பல் வரைபடத்தோடும் அந்த வலப்பக்கப் படம் கட்டாயம் இருக்கவேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

வலப்பக்கப் படத்தின் வெள்ளையைக் குறைப்பது எங்கள் கையில் இருக்கிற காரியம். ஈபேர்டில் ஒரு முழுமையான பட்டியல் பதிவது கடினமில்லை: எங்கே நின்றோம், எத்தனை மணிக்குத் தொடங்கினோம், எவ்வளவு தூரம் நடந்தோம், அடையாளம் காணமுடிந்த பறவைகள் எல்லாம் எவை. செண்பகமும் புலுனியும் காகமும் கூட வரவேண்டும். அரிய பறவையை மட்டும் எழுதினால் அந்தப் பதிவால் மாதிரிக்குப் பயன் குறைவு. எல்லாவற்றையும் எழுதினால், எழுதப்படாத பறவை அன்றைக்கு அங்கே காணப்படவில்லை என்ற தகவலும் கூடவே கிடைக்கிறது. அந்த ‘காணப்படவில்லை’க்குத்தான் வடக்கில் பெரும் பஞ்சம். கண்ணிவெடி அகற்றப்பட்டு அனுமதிக்கப்பட்ட பாதைகளில் மட்டும், ஊராரோடு, காலை வேளையில் நடந்தாலே போதும். கூடு கண்ட இடத்தைத் துல்லியமாக வெளியிடவேண்டாம். சதுரத்தின் பெயர் போதும்.

வன்னியின் வெள்ளைப் பரப்பைச் சதுரங்களாகப் பிரித்து ஒரு படம் வைத்திருக்கிறோம். ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, மாங்குளம், மடு, நெடுங்கேணி சுற்றுவட்டாரப் பாடசாலைகளில் கற்பிக்கிற ஆசிரியர்கள், காட்டோரம் குடியிருப்பவர்கள், விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகிற மாணவர்கள் யாராவது தங்கள் சதுரத்தைக் கேட்டு எழுதினால் அனுப்பிவைப்பேன். பாலைப்பழக் காலத்தில் தொடங்குவது நல்லது. பழம் உண்ணும் பறவைகள் எல்லாம் அப்போது பாலை மரங்களைத் தேடி வரும். எந்த மரம் எப்போது கனிகிறது என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.